அறைக் கதவில் ஒட்டப்பட்ட எச்சரிக்கை: கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயாளி ஒருவரின் மருத்துவமனைப் பராமரிப்பு – நிகழ்வு ஆய்வு

மூளையைச் சில மாதங்களில் அழித்து மரணத்தில் முடியும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் ஓர் ஆண்டில் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டுமே வருவது. பெரிய மருத்துவமனையில் நீண்ட காலம் பணியாற்றிய செவிலியர்கூட இந்நோயாளிகளை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பார்த்திருப்பார். அதனால் இந்நோயைப் பற்றி வார்டுகளில் புழங்கும் அறிவு பெரும்பாலும் செவிவழி வந்ததாகவே இருக்கிறது: மூளையைப் பஞ்சு போல் துளைத்துவிடும், கொதிக்க வைத்தாலும் அழியாது, நோயாளியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பன அவற்றுள் சில. இவற்றுள் முதல் இரண்டும் உண்மை, மூன்றாவது பொய். உண்மையையும் பொய்யையும் ஒன்றாகக் கட்டி நம்பிய ஒரு வார்டில் நோயாளிக்கு என்ன நேர்ந்தது, அது எப்படித் திருத்தப்பட்டது என்பதே இந்த ஆய்வின் பொருள். இங்கே விவரிக்கப்படும் நோயாளி, ஒரே நோயால் பாதிக்கப்பட்ட பலருடைய பராமரிப்பிலிருந்து கற்பித்தலுக்காகத் தொகுத்து அமைக்கப்பட்டவர். எனவே அவரை எந்தத் தனிமனிதரோடும் மருத்துவமனையோடும் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை.

தொடக்க வாரங்கள்

நோயாளிக்கு வயது 63. ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர். இரத்தக் கொதிப்புக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டதைத் தவிர வேறு நோய் எதுவும் இல்லாதவர். வீட்டார் முதன்முதலாக மாற்றத்தைக் கவனித்த நாளிலிருந்து வாரங்களை எண்ணினால், முதல் இரண்டு வாரங்களில் தூக்கக் குறைவும் எரிச்சலும் பசியின்மையும் மட்டுமே இருந்தன. பணி ஓய்வுக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று கருதி அதற்கான மாத்திரை தொடங்கப்பட்டது. மூன்றாவது வாரத்தில் வெள்ளைச் சட்டை மஞ்சளாகத் தெரிவதாகவும், படிக்கட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை என்றும் சொன்னார். கண் மருத்துவர் இரு கண்களிலும் இளம் கண்புரை இருப்பதைக் கண்டு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

ஐந்தாவது வாரத்தில் மகள் அவருடைய வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக அடித்தல் திருத்தல் இல்லாமல் கணக்கு எழுதியவரின் பக்கத்தில், கூட்டல் தவறியிருந்தது மட்டுமல்ல, இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நில்லாமல் வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போய், கடைசி வரி அடுத்த பத்தியின் மேலேயே ஏறியிருந்தது. அந்தப் பக்கத்தை மகள் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். பின்னர் மருத்துவமனையில் நாங்கள் எடுத்த நோய் வரலாற்றில், எந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலையும்விட அந்தப் படமே அதிகம் சொன்னது. கண்ணில் பழுதில்லாமல், பார்த்ததை இடம் பிரித்து அறியும் மூளைப் பகுதியில்தான் பழுது என்பதை அது தெளிவாகக் காட்டியது. பார்வைக் குறைபாட்டோடு தொடங்கும் இந்த வகையை ஹைடன்ஹைன் வகை என்பர். இந்த வகை நோயாளிகள் முதலில் போய் நிற்பது கண் மருத்துவமனையில்தான் என்பதால், கண்புரை அளவுக்குப் பொருந்தாத பார்வைக் குழப்பம் வாரக்கணக்கில் மோசமாகிக்கொண்டே வரும்போது அறுவையை ஒத்திப்போட்டு மூளையைப் பரிசோதிக்கச் சொல்லும் கண் மருத்துவர் பெரிய உதவி செய்தவராகிறார். இந்த நோயாளியின் அறுவை நடக்கவில்லை. காரணம் மருத்துவ முன்னெச்சரிக்கை அன்று, அதற்கு முன்பே அவர் குளியலறையில் விழுந்து ஆறாவது வாரத்தில் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்ததுதான்.

நோயறிதல்: விரைவு ஏன் முக்கியம்

விழுந்ததற்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்று மட்டுமே அறிக்கை வந்தது. அந்த ஸ்கேனில், திசுவுக்குள் நீர் அசையும் விதத்தைக் காட்டும் டிஃப்யூஷன் படங்கள் எடுக்கப்படவில்லை. நரம்பியல் பிரிவு அவற்றைக் கேட்டு மறுபடியும் ஸ்கேன் எடுத்தபோது, இரு பக்கமும் பெருமூளையின் பின்பகுதி, பக்கப் பகுதிகளின் புறணியில் (மேலடுக்கில்) நாடா ஒட்டியது போன்ற வெண்ணிற ஒளிர்வும், மூளையின் உள்ளே காடேட் கரு என்ற பகுதியில் மங்கலான ஒளிர்வும் தெளிவாகத் தெரிந்தன. விரைவாக முற்றும் மறதி நோய் என்ற ஐயம் எழுந்ததும் டிஃப்யூஷன் படங்கள் வேண்டும் என்று கேட்டு எழுதுவது மருத்துவரின் பொறுப்பு. கேட்காவிட்டால் அவை எடுக்கப்படாமல் போகலாம். எடுத்தாலும் எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் புறணியின் நாடா கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

சேர்க்கையன்று மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்ய எடுத்த இ.இ.ஜி. வெறும் மந்த அலைகளைக் காட்டியது. பத்து நாள் கழித்து எடுத்ததில், ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று வீதம் திரும்பத் திரும்ப வரும் கூரலைகள் தோன்றின. இந்த அலைகள் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளிடம் மட்டுமே, அதுவும் பெரும்பாலும் நோயின் நடுப்பகுதியில்தான் வெளிப்படும் என்பதால், முதல் இ.இ.ஜி.யில் இல்லை என்பதைக் கொண்டு நோயை விலக்கிவிட முடியாது.

இந்நோய்க்கு மருந்து இல்லை. எனினும் இதே தோற்றத்தில் வரும், மருந்துள்ள நோய்கள் பல இருக்கின்றன. தன்னுடல் தாக்கு மூளை அழற்சி, தயமின் குறைபாட்டால் வரும் வெர்னிக்கே நோய், லித்தியம் அல்லது பிஸ்மத் நஞ்சேற்றம், வலிப்புத் துடிப்பு வெளியில் தெரியாமலேயே தொடரும் வலிப்பு நிலை, மூளை லிம்ஃபோமா என்ற புற்றுநோய் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இந்த வாரங்களில் மருத்துவர் செய்யும் பரிசோதனைகளில் பெரும்பகுதி, இந்நோயை உறுதிசெய்வதைக் காட்டிலும் அவற்றுள் ஒன்றையேனும் தவறவிடாமல் இருப்பதற்காகவே. சோடியம் சரியாக இருந்தது. தன்னெதிர்ப்புப் புரதங்கள் இரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் இல்லை. சேர்ந்த அன்றே சிரைவழி தயமின் தொடங்கப்பட்டது. தன்னெதிர்ப்புப் பரிசோதனையின் முடிவு வர நாளாகும் என்பதால், காத்திராமல் நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் ஐந்து நாள் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. பலன் இல்லை. பலன் இருக்க வாய்ப்புக் குறைவு என்று தெரிந்தே கொடுத்தோம். குணப்படுத்தக்கூடிய ஒன்றைக் குணப்படுத்த முயலாமல் விட்டோம் என்ற ஐயம் குடும்பத்துக்கும் மருத்துவக் குழுவுக்கும் பின்னாளில் வரக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மூளைத் தண்டுவட நீரில் அணுக்கள் இல்லை; புரதம் சற்றே கூடியிருந்தது. ஆர்டி-குவிக் சோதனைக்கு அந்த நீர் அனுப்பப்பட்டது. இந்நோயின் அடிப்படை, நரம்பணுக்களின் மேற்பரப்பில் இயல்பாகவே இருக்கும் பிரியான் புரதம் தவறான வடிவில் மடிந்து, பக்கத்திலிருக்கும் நல்ல புரதங்களையும் தன் வடிவுக்கே மாற்றிக்கொண்டு போவதுதான்; 1982-இல் ஸ்டான்லி புருசினர் முன்வைத்து 1997-இல் நோபல் பரிசு பெற்ற கருத்து இது. ஆர்டி-குவிக் அதே சங்கிலி மாற்றத்தைச் சோதனைக்குழாயில் நிகழ்த்திப் பார்க்கிறது. நோய் இல்லாதவருக்கு நேர்மறை முடிவு வருவது மிக அரிது என்பதால், பழைய 14-3-3 புரதச் சோதனையைவிட இது நம்பகமானது. ஆனால் மாதிரியில் இரத்தம் கலந்துவிட்டால் நோய் இருந்தும் எதிர்மறையாக வரக்கூடும். ஆகவே முதல் துளிகளில் இரத்தம் தென்பட்டால் தெளிவான நீர் வரும்வரை பொறுத்து, அடுத்த குழாயில் பிடிப்பது நல்லது. எட்டாவது வாரத்தில் முடிவு நேர்மறையாக வந்தது.

கதவில் ஒட்டிய தாள்

முடிவு வந்த அன்று மாலையே, நோயாளி தனியறைக்கு மாற்றப்பட்டார். கதவில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கைத் தாள் ஒட்டப்பட்டது. உள்ளே போவோர் மேலங்கியும் இரட்டைக் கையுறையும் முகக் கவசமும் அணிய வேண்டும், உணவு வீசி எறியக்கூடிய தட்டில் வர வேண்டும், துணிகள் தனியே கட்டப்பட வேண்டும், பார்வையாளர் ஒருவருக்கு மேல் கூடாது என்று அதில் இருந்தது. இதை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. காசநோய்க்கும் மருந்தெதிர்ப்புக் கிருமிகளுக்கும் வார்டில் இருந்த தாளையே எடுத்து, நோயின் பெயரை மாற்றி, பயத்தின் அளவுக்கு இரண்டு வரிகள் கூட்டியிருந்தார்.

விளைவு நான்கைந்து நாட்களிலேயே தெரிந்தது. மேலங்கி அணிந்து கழற்ற ஒவ்வொரு முறையும் நேரம் பிடிக்கும் என்பதால், செவிலியர் அறைக்குள் நுழைவது குறைந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டியவர் ஒரு பணிநேரத்தில் ஒருமுறை மட்டுமே புரட்டப்பட்டார். வால் எலும்புப் பகுதியில் அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு தோன்றியது. உணவுத் தட்டு வாசலருகே மேசையில் வைக்கப்பட்டது. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகத் தெரியாத நிலையில் இருந்தவருக்கு அது இல்லாத உணவுதான். ஏற்கெனவே பார்வையில் குழப்பம் உள்ள ஒருவரிடம் முகம் மறைத்த, கண் மட்டும் தெரியும் உருவங்கள் வந்து போனபோது அவர் மிரண்டு கையை உதறினார். 'நோயாளி மூர்க்கமாக இருக்கிறார்' என்று குறிப்பேட்டில் பதிவானது. மனைவி கையுறையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோய்த்தணிப்புக் குழு முதன்முறையாக அறைக்குச் சென்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு நாள் இருப்பார் என்பது அன்று. "நான் அவரைத் தொடலாமா, டாக்டர்? முப்பத்தாறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன், எனக்கு ஏற்கெனவே வந்திருக்குமா?" என்பதுதான்.

தொடலாம். உமிழ்நீர், வியர்வை, கண்ணீர், சிறுநீர், மலம் ஆகியவற்றின் வழியாக இந்நோய் மற்றவருக்குப் பரவியதற்குச் சான்று இல்லை. பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணைவருக்கும், பராமரித்த செவிலியருக்கும் பொதுமக்களைவிடக் கூடுதலாக இந்நோய் வருவதாகவும் தெரியவில்லை. 1999-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தொற்றுக் கட்டுப்பாட்டு வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: சாதாரணப் பராமரிப்புக்கு எல்லா நோயாளிகளுக்கும் கடைப்பிடிக்கும் பொது முன்னெச்சரிக்கைகளே போதும்; தனிமைப்படுத்தத் தேவையில்லை; படுக்கை விரிப்பும் பாத்திரமும் வழக்கம்போல் துவைக்கவும் கழுவவும் படலாம். மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் இதைப் படித்துக் காட்டிய கூட்டத்துக்கு, பகல் பணியினர் மட்டுமல்லாமல் இரவுப் பணியினரும் துப்புரவுப் பணியாளரும் உணவு கொண்டுவருவோரும் அழைக்கப்பட்டிருந்தனர். துப்புரவுப் பணியாளர் ஒருவர், தம் வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் இந்த அறைக்குப் போக மறுத்ததாகவும், யாரும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை என்றும் அப்போதுதான் சொன்னார். மருத்துவர்களுக்கு மட்டும் நடத்தும் கூட்டத்தால் இந்தச் சிக்கல் தீராது என்பதை அது காட்டியது.

தாள் கிழிக்கப்பட்டது, தனியறை மட்டும் தொடர்ந்தது. அதற்கான காரணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறோம்.

அச்சம் இருக்க வேண்டிய இடம்

கதவில் இவ்வளவு கெடுபிடி இருந்த அதே வாரத்தில், முதுகுத் துளையிட்டு நீர் எடுத்த தொகுப்பில் இருந்த உலோகக் கருவிகள் வழக்கமான கருவித் தூய்மைப் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தன. நோயாளியின் உமிழ்நீருக்கு அஞ்சிய வார்டு, அவருடைய தண்டுவட நீர் பட்ட கருவியைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஊசி ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகை என்பதால் அபாயம் சிறிதுதான். எனினும் எச்சரிக்கை திசை மாறிப் போயிருந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

தொற்றுத்தன்மை மிகுந்தவை மூளை, தண்டுவடம், கண்ணின் பின்பகுதி ஆகிய திசுக்கள். அதற்கு அடுத்த நிலையில் மூளைத் தண்டுவட நீர் வருகிறது. மருத்துவச் சிகிச்சை வழியாக இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போன வரலாறு இந்தத் திசுக்களைச் சுற்றியே இருக்கிறது. 1974-இல் கருவிழி மாற்று அறுவை வழியாகப் பரவிய நிகழ்வு பதிவானது. நோயாளி ஒருவரின் மூளைக்குள் செலுத்திய மின்முனைகளை 70 சதவீத ஆல்கஹாலாலும் ஃபார்மால்டிஹைட் ஆவியாலும் தூய்மைப்படுத்திய பின் இரண்டு இளம் வலிப்பு நோயாளிகளிடம் பயன்படுத்தியபோது, இருவருக்கும் நோய் தொற்றியதாக 1977-இல் அறிவிக்கப்பட்டது. இறந்தோரின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனும், மூளைஉறை ஒட்டுகளும் இதைவிட அதிகம் பேரைப் பாதித்தன. ஆல்கஹாலும் ஃபார்மலினும் பிரியானை அழிப்பதில்லை. ஃபார்மலின் அதைப் பதப்படுத்தி நிலைக்கச் செய்துவிடுகிறது. வழக்கமான கொதிநீராவித் தூய்மையும் போதாது. வெப்பம் தாங்கும் கருவியென்றால் 134 டிகிரி செல்சியஸில் 18 நிமிட ஆட்டோக்ளேவ், அல்லது 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடிலோ 20,000 பிபிஎம் குளோரின் தரும் ஹைப்போகுளோரைட்டிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்தல் என்பவை ஏற்கப்பட்ட வழிகள். அதற்கு முன் கருவியை உலரவிடக்கூடாது. எஃகின் மேல் உலர்ந்து ஒட்டிய புரதத்தை நீக்குவது மிகக் கடினம். மூளை அறுவையில் பயன்பட்ட கருவிகளைப் பொறுத்தவரை, முடிந்தால் எரித்துவிடுவதே சிறந்தது.

மூளைத் திசுவை எடுத்துப் பயாப்சி செய்யலாமா என்ற கேள்வி ஆர்டி-குவிக் முடிவுக்கு முன் எழுந்தது. நாங்கள் வேண்டாம் என்றோம். எடுத்த இடத்தில் நோய் மாற்றம் இல்லாமல் போகலாம், இரத்தக்கசிவு நேரலாம், அறுவை அரங்கின் கருவிகள் அத்தனையையும் தனிமைப்படுத்த வேண்டிவரும். இத்தனைக்கும் பிறகு முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. லிம்ஃபோமா போன்ற, மருந்துள்ள ஒரு நோய் இருக்கலாம் என்று படங்கள் வலுவாகச் சொல்லியிருந்தால் எங்கள் கருத்து வேறாக இருந்திருக்கும். மூளை அறுவைக்கு முன்பே இந்நோய் குறித்த ஐயத்தை எழுத்தில் பதிவுசெய்து அரங்குக்குத் தெரிவிக்கும் பழக்கம் இல்லாத மருத்துவமனைகளில், கருவிகள் பல நோயாளிகளிடம் போய்ச் சேர்ந்த பிறகே நோய் உறுதியாகிறது. அதன்பின் அந்த நோயாளிகளைத் தேடித் தெரிவிக்க வேண்டிய துன்பமும் வந்து சேர்கிறது.

துள்ளலும் அமைதியும்

ஒன்பதாவது வாரத்தில் கைகால்களில் திடீர்த் தசைத் துள்ளல் தொடங்கியது. தட்டு கீழே விழும் ஓசை, மின்விளக்கு சட்டென்று எரிவது, போர்வையை எதிர்பாராமல் இழுப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் உடல் முழுவதும் அதிர்ந்தது. தனியறை தொடர்ந்ததற்குக் காரணம் இதுதான்: மற்றவர்களை அவரிடமிருந்து காக்க அன்று, வார்டின் இரைச்சலிலிருந்து அவரைக் காக்க. விளக்கு மங்கலாக வைக்கப்பட்டது. கருவிகளின் எச்சரிக்கை ஒலி நிறுத்தப்பட்டது. அழுத்தமானி தேவைப்படும்போது மட்டும் மாட்டப்பட்டது. தொடுவதற்கு முன் அவருடைய பெயரைச் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, முதலில் தோளில் உள்ளங்கையை வைத்துச் சிறிது பொறுத்துப் பிறகே புரட்ட வேண்டும் என்று எல்லாப் பணிநேரத்தினரும் ஒத்துக்கொண்டனர். துள்ளலைக் கணிசமாகக் குறைத்தது இந்த ஒழுங்கு. மருந்தில் குளோனாசிபாம் 0.5 மில்லிகிராம் இருவேளை தொடங்கி மூன்று வேளையாக உயர்த்தப்பட்டது. போதாதபோது லெவெடிராசெடாம் சேர்க்கப்பட்டது.

இதற்கு முன், 'மூர்க்கம்' என்று எழுதப்பட்ட அந்த நாட்களில், இரவுப் பணியில் கிளர்ச்சியை அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி போடப்பட்டிருந்தது. மறுநாள் உடல் விறைத்து, விழுங்குவது அறவே நின்றது. மருந்தை நிறுத்திய சில நாட்களில் ஓரளவு மீண்டது. அசைவை ஒழுங்குபடுத்தும் மூளையின் அடிக்கருக்கள் ஏற்கெனவே பழுதுற்ற இந்நோயாளிகளிடம் அந்த மருந்தைத் தவிர்ப்பதே நல்லது. அதைவிட முக்கியமானது, கிளர்ச்சிக்குக் காரணம் எது என்று முதலில் தேடுவது. இவர் விஷயத்தில் சிறுநீர் தேங்கியிருந்தது ஒரு காரணம், முகக் கவசங்கள் இன்னொன்று. முதலாவதைக் கதீட்டர் தீர்த்தது. இரண்டாவது தாளோடு போனது.

உணவு

பதினொன்றாவது வாரத்தில் பேச்சு நின்றது. நீர்த்த பானங்களுக்குப் புரையேறியது. கெட்டியாகக் குழைத்ததை, நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியில் கொடுத்தால் விழுங்கினார். ஒரு வேளை உணவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு வேளையை மனைவியும் மகளும் ஏற்றுக்கொண்டனர்.

மூக்குக் குழாய் பொருத்த வேண்டும் என்று மகன் வற்புறுத்தினார். வெளியூரிலிருந்து வார இறுதியில் மட்டும் வரும் அவருக்கு, ஒவ்வொரு வருகையிலும் அப்பா மெலிந்திருப்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. "பட்டினி போட்டுக் கொல்லப் போகிறீர்களா?" என்று அவர் கேட்டதை நாங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடம் சொன்னது இதுதான்: முற்றிய மறதி நோயில் குழாய் உணவு ஆயுளை நீட்டுவதாகவோ, நுரையீரலுக்குள் உணவு போவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை, உமிழ்நீரும் இரைப்பையிலிருந்து மேலேறுவதும் குழாய் இருந்தாலும் நுரையீரலுக்குள் போகும், துள்ளல் உள்ளவர் குழாயைப் பிடுங்குவார், பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டவேண்டி வரும். மறுபுறம், இளமையில் நோய் வந்து மெதுவாக முற்றும் சிலருக்குக் குழாய் பயன்படலாம் என்பதையும் மறைக்கவில்லை. முடிவைச் சொல்ல அவருக்கு ஒரு வாரம் கொடுத்தோம். அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம் அவரே கரண்டியை எடுத்து ஊட்டினார். இரண்டு வாய் போனதும் அப்பா உதட்டை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாய் வேண்டாம் என்று அதன்பின் அவர்தான் முதலில் சொன்னார். விரும்பும் அளவு, விரும்பும் நேரம், வாயால் மட்டும் என்று ஆணை எழுதப்பட்டது. அதைப் பிற்பாடு பணிக்கு வந்த ஒருவர் 'உணவு நிறுத்தம்' என்று தவறாகப் படிக்காமலிருக்க, என்ன கொடுக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் விரிவாக எழுதப்பட்டது.

குடும்பத்துடன் பேசியது

நோயின் பெயரை மூன்று கூட்டங்களில் படிப்படியாகச் சொன்னோம் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் மகள் முதல் கூட்டத்துக்கு முன்பே இணையத்தில் எல்லாவற்றையும் படித்திருந்தார். அவர் படித்தவற்றுள் பாதி, 1996-இல் பிரித்தானியாவில் கண்டறியப்பட்ட, மாட்டு நோயோடு தொடர்புள்ள மாற்று வகையைப் பற்றியது. இளவயதினரைத் தாக்கும் அதுவும் இந்த நோயும் ஒன்றல்ல என்று விளக்கவே முதல் கூட்டம் போய்விட்டது. நூற்றில் ஏறக்குறைய எண்பத்தைந்து பேருக்கு இந்நோய் எந்தக் காரணமும் இல்லாமல் தானாகவே தோன்றுகிறது. அவர் சாப்பிட்டதாலோ, செய்த வேலையாலோ, வீட்டார் கவனிக்காமல் விட்டதாலோ வந்ததன்று என்ற வாக்கியத்தைத் தனித்தனியாக மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. முன்கணிப்பைச் சொல்லும்போது சுற்றிவளைக்கவில்லை: பெரும்பாலோர் அறிகுறி தொடங்கி நான்கு முதல் ஆறு மாதங்களில் இறக்கின்றனர், பத்தில் ஒன்பது பேர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. நோயின் வேகம் மாதங்களில் அன்றி வாரங்களில் அளக்கப்படுவது என்பதால், இதயம் நின்றால் மீட்புச் சிகிச்சை வேண்டுமா, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டுமா என்ற கேள்விகளையும் பத்தாவது வாரத்துக்குள்ளேயே பேசி முடிவெழுதினோம்.

மரபணுக் கேள்வி தனியாகப் பேச வேண்டியது. பத்து முதல் பதினைந்து சதவீத நோயாளிகளிடம், பிரியான் புரதத்தை உருவாக்கும் பிஆர்என்பி மரபணுவில் மாற்றம் இருக்கிறது. அவர்களில் பலருக்குக் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இந்நோய் வந்ததாகத் தெரியாது. மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சோதனை செய்வது தந்தையின் இரத்தத்தில். ஆனால் அதன் விடையைச் சுமக்கப்போவது பிள்ளைகள். ஆகவே மரபியல் ஆலோசகரோடு பேசிய பிறகே, மூவரும் ஒப்பியபின் இரத்தம் எடுக்கப்பட்டது. மகன் முடிவு தமக்குத் தெரிய வேண்டாம் என்றார். மகளுக்கு மட்டும் சொல்வது என்று ஏற்பாடாயிற்று.

கடைசி வாரங்களும் அதன்பின்னும்

பன்னிரண்டாவது வாரத்துக்குப் பின் அவர் கண் திறந்திருந்தும் அசையாமல், பேசாமல் கிடந்தார். இந்த நிலையில் வலியை நெற்றிச் சுருக்கத்திலும், மூச்சின் வேகத்திலும், புரட்டும்போது எழும் முனகலிலும் மட்டுமே படிக்க முடியும்; அவற்றைப் பார்த்துக் குறிக்கும் தாள் ஒன்று படுக்கைத் தலைமாட்டில் தொங்கவிடப்பட்டது. மகள் அதை எங்களைவிடத் துல்லியமாக நிரப்பினார். வாய் ஈரமாக்குதல், கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர், மலச்சிக்கலுக்கு மருந்து, முப்பது டிகிரி சாய்வில் பக்கவாட்டில் படுக்கவைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டல் ஆகியவை கடைசிவரை நடந்தன. வால் எலும்புச் சிவப்பு ஆறியது. புதிதாகப் படுக்கைப்புண் வரவில்லை.

பதின்மூன்றாவது வாரம் வந்த நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது. அவருடைய தம்பி வந்து பார்க்கும்வரை வேண்டும் என்று குடும்பம் கேட்டது, அது நியாயமான நோக்கம். பதினெட்டாவது வாரம் இரண்டாவது முறை வந்தபோது, ஏற்கெனவே எடுத்த முடிவின்படி கொடுக்கப்படவில்லை. மூச்சுத் திணறலுக்குச் சிறு அளவு மார்ஃபின், துள்ளலுக்கு மிடாசோலாம், தொண்டைச் சளிக்குக் கிளைக்கோபைரோலேட் ஆகியவை தோலடி வழியாகச் செலுத்தப்பட்டன. விழுங்க முடியாத நிலையில் குளோனாசிபாம் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் துள்ளலும் வலிப்பும் மூண்டெழும். எனவே அந்த மாற்றை முன்கூட்டியே எழுதி, மருந்தை வார்டில் வாங்கி வைத்திருந்தது அந்த இரவில் பயன்பட்டது. பத்தொன்பதாவது வாரத்தில் அவர் இறந்தார்.

உடலைக் கையாள்வதில் பழைய பயம் மறுபடி தலைதூக்கியது. பிணவறையிலிருந்து உடலை நெகிழிப் பையில் மூடித்தான் தருவோம், திறக்கக்கூடாது என்றார்கள். உடற்கூறாய்வு நடந்து மண்டை திறக்கப்பட்டிருந்தால் கசிவைத் தடுக்கும் ஏற்பாடு வேண்டும், தலைப்பகுதியைத் தொடாமலிருப்பது நல்லது. அது நடக்காத உடலைக் குளிப்பாட்டவும் உடுத்தவும் முகத்தைத் தொட்டு விடைகொடுக்கவும் தடையில்லை. பதப்படுத்தல் மட்டும், திரவங்கள் வெளியேறும் செயல் என்பதால், தவிர்க்கப்பட வேண்டும். இந்த விவரத்தை ஒரு பக்கத்தில் எழுதி, இறப்புக்கு முன்பே பிணவறைக்கு அனுப்பியிருந்தால் அன்று காலை அந்த வாக்குவாதம் நேர்ந்திருக்காது. இப்போது அந்தப் பக்கம் நோயறிதல் உறுதியான வாரத்திலேயே அனுப்பப்படுகிறது.

நோயை முழு உறுதியோடு சொல்வது மூளைத் திசு ஆய்வு மட்டுமே என்பதால் மூளையை மட்டும் ஆராய ஒப்புதல் கேட்டோம். மனைவி முதலில் தயங்கி, இறுதிச் சடங்கு தாமதமாகாது என்று உறுதி கிடைத்தபின், குடும்பத்தார் அவரைக் குளிப்பாட்டி விடைகொடுத்த பிறகு எடுத்துச்செல்லலாம் என்று இசைந்தார். பஞ்சு போன்ற துளைகளும் நரம்பணு இழப்பும் உறுதியாயின. பிஆர்என்பி மரபணுவில் மாற்றம் இல்லை. முடிவு வேண்டாம் என்றிருந்த மகன், அக்கா தொலைபேசியில் எதுவும் சொல்லாமலிருந்த இரண்டு வாரங்களுக்குப் பிறகு, தாமே மரபியல் ஆலோசகரை அழைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.